சைலன்ஸர் குழாயில் ஒரு மூக்கு



ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே நம் ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்களுக்குச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஃபோர்டு மஸ்டாங், செவ்ரோலே கார்வெட் என்று அமெரிக்க வி-8 எஞ்சின்கள் உறுமுவதை நம் விடுதியில் செல்போனில் போட்டுக் கேட்காத இரவே கிடையாது. அப்போது ஒரு நண்பன் கேட்டான்: "ஏன்டா, அந்த ஆக்ஸிஜன் சென்சார், கன்வர்ட்டர் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு பெரிய பைப்பா மாட்டினா பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகும்ல?" பலருக்கும் இந்த எண்ணம் இருப்பதால் பதிலை மலரிலேயே எழுதுகிறேன்.

முதலில் சென்சாரின் வேலை என்ன? ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் இருந்தால்தான் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கார்பன் மோனாக்ஸைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடு மூன்றையும் ஒருசேர அடக்கும். 1976-இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் இந்தச் சென்சாரைத் தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் போன ஸ்வீடன் நாட்டு வால்வோ கார்களில் அது முதலில் ஏறியது. உள்ளே இருப்பது சிர்கோனியா என்னும் பீங்கான். ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடானதும், இரு பக்க ஆக்ஸிஜனின் வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிவரும். பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட், காற்று கூடினால் 0.1 வோல்ட். அதைப் பார்த்து ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும்.

வகுப்பில் இது எனக்கு லேசில் மண்டையில் ஏறவில்லை. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டில் சந்தேகம் கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனால் சொல்லிக் கொடுத்தது எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாதான். வெந்நீர் அடுப்பு புகைந்தபோது, "காத்து பத்தலைடா, ரெண்டு விறகை வெளிய இழு" என்றார். புகையைப் பார்த்து விறகைக் கூட்டுவதும் குறைப்பதும்தானே சார் போர்டில் எழுதிப்போட்ட 'க்ளோஸ்டு லூப்'!

இப்போது நண்பனின் கேள்விக்கு வருவோம். இந்த வகைச் சென்சார் உள்ள காரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது ஈ.சி.யு. அதன் பேச்சைக் கேட்பதே இல்லை. தன்னிடம் உள்ள அட்டவணைப்படி பெட்ரோலைக் கொடுக்கிறது. பின்னே சென்சார் எங்கே பிக்கப்பைத் திருடியது? அதைக் கழற்றினால் சாதாரண ஓட்டத்தில் மைலேஜ் போவதுதான் மிச்சம்.

1996 முதல் அமெரிக்கக் கார்களில் கன்வர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சாரும் உண்டு. கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று வேவு பார்ப்பது அது. கன்வர்ட்டரைக் கழற்றினால் பி0420 என்ற கோடு விழுந்து, டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எரியும். சிலர் அந்தச் சென்சாருக்கு அடியில் ஒரு ஸ்பேஸரை முறுக்கி, புகை சரியாகப் படாதபடி வெளியே இழுத்து வைக்கிறார்கள். 1990-இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் இதைத் தடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மூக்கைப் பொத்திவிட்டால் நாற்றம் போய்விடுமா?

சென்ற விடுமுறையில் எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போனேன். டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் பழைய பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டு வந்தார். முன்பு வைத்திருந்தவர் ஸ்போர்ட்ஸ் பைப் மாட்டியிருந்தார். எஞ்சின் லைட் எரிகிறது, மைலேஜ் 11-க்கு இறங்கிவிட்டது, பிளக் எல்லாம் கரி. "சென்சார் போச்சு, புதுசு போடணும்" என்றார் மேஸ்திரி. விலையைக் கேட்டதும் அந்த அண்ணன் முகம் வாடிவிட்டது. கார் கடனுக்கே தவணை கட்ட முடியாமல் இருப்பவர்.

"அண்ணே, பத்து நிமிஷம் குடுங்க" என்று மல்டிமீட்டரை வைத்தேன். ஐடிலிங்கில் 0.1 வோல்ட்டிலேயே நின்றது. பிளக்கில் கரி என்றால் பெட்ரோல் அதிகம். சென்சாரோ காற்று அதிகம் என்கிறது. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? சென்சாருக்கு முன்னால் இருந்த பிளேன்ஜ் மூட்டைத் தடவிப் பார்த்தேன். கரிக்கோடு! பேக்கிங் சரியாக உட்காரவில்லை. புகை விட்டுவிட்டு வரும்போது இடையில் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சென்சார் அதை நம்புகிறது, ஈ.சி.யு. பெட்ரோலைக் கொட்டுகிறது. புதுப் பேக்கிங் போட்டு முறுக்கியதும் முள் போல 0.1-க்கும் 0.9-க்கும் துள்ள ஆரம்பித்தது. சென்சார் நல்ல சென்சார்தான்!

மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அடுத்த வண்டிக்கு, "தம்பி, அந்த மீட்டரை எடுத்துட்டு வா" என்றார். மூட்டை தூக்கும் என் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "பீஸ் கட்டுறது வீண் போகலை" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே, சத்தம் பிடித்தால் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயை மட்டும், சட்டம் சொல்லும் ஒலி அளவுக்குள், கசிவில்லாமல் மாற்றலாம். நாளை நாமெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கப் போகிறவர்கள். "லைட்டை மட்டும் அணைச்சுக் குடுப்பா" என்று கேட்டு ஒருவர் கட்டாயம் வருவார். ஸ்பேஸரைத் தேடாதீர்கள். லைட் ஏன் எரிகிறது என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். டிப்ளமோ படித்தவன் கையில் வண்டியைக் கொடுப்பது அதற்காகத்தான்.