சோழவரத்தில் கேட்ட சத்தம்

அமெச்சூர் என்ற சொல்லை நாம் கொஞ்சம் இளக்காரமாகவே உபயோகிக்கிறோம். அமெச்சூர் நாடகம் என்றால் வசனம் மறந்து போகும், திரை பாதியில் சிக்கிக்கொள்ளும் என்று முன்கூட்டியே மன்னித்துவிட்டுப் போய் உட்காருகிறோம். ஆனால் அந்தச் சொல்லின் பூர்வீகத்தை விசாரித்தால், லத்தீனில் அதற்கு நேசிப்பவன் என்று அர்த்தமாம். கூலிக்காக அல்லாமல் ஆசைக்காக ஒரு காரியத்தைச் செய்கிறவன். சங்கீதத்தில் ஆசை வைத்தவனுக்கு ஒரு தம்புரா போதும். சதுரங்கத்தில் ஆசை வைத்தவனுக்கு எதிரே உட்கார ஓர் ஆள் போதும். மோட்டார் பந்தயத்தில் ஆசை வைத்தவன் பாடுதான் திண்டாட்டம். அவனுக்குக் கார் வேண்டும். அதைப் பிரித்துப் போட இடம் வேண்டும். திரும்பப் பூட்டத் தெரிந்த ஆள் வேண்டும். கல்யாணமானவன் என்றால், இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாய் திறவாமல் இருக்கக்கூடிய ஒரு மனைவியும் வேண்டும். இந்த நான்கும் ஒருசேர வாய்த்தவர் என் சித்தப்பா.

சோழவரம் என்றதும் சென்னைவாசிகளுக்கு ஏரியும் குடிதண்ணீரும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஞாபகம் வருவது ஏரியல்ல, விமானத் தளம். கல்கத்தா போகும் பெருஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டியதும், இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானங்கள் இறங்குவதற்கென்று போட்ட ஓடுபாதை ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, பாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான். குண்டு வீசும் விமானங்களுக்காக அமைத்த ஸில்வர்ஸ்டோன் தளத்தில்தான் 1948-ல் கார்ப் பந்தயம் நடத்தினார்கள். உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் பந்தயமும் 1950-ல் அங்கேதான் நடந்தது. யுத்தம் விட்டுச் சென்ற சொத்துக்களில் உருப்படியாக உபயோகப்பட்டது இந்த ஓடுபாதைகள்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பம்பாயில் ஜுஹூ, கல்கத்தா பக்கம் பாரக்பூர் என்று நம் தேசத்திலும் விமானத் தளங்களில் கார்கள் ஓடின. சென்னையில் 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. அதன் முயற்சியில் சோழவரம், தேசமெங்குமுள்ள பந்தயப் பிரியர்களுக்கு ஒரு க்ஷேத்திரமாகவே ஆகிவிட்டது.

க்ஷேத்திரம் என்றால் ராஜாவும் வருவார், ரிக்ஷாக்காரரும் வருவார் அல்லவா? இங்கும் அப்படித்தான். கோண்டல் மகாராஜா சீமைக் காரோடு வந்து ஓட்டிய இடம் இது. 1980-களின் ஆரம்பத்தில் விஜய் மல்லையா ஒரு நிஜமான ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். அதே பாதையில்தான், திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போக வேண்டிய குமாஸ்தாக்களும், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும், புதுப்பேட்டை மெக்கானிக்குகளும் ஓட்டினார்கள். வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பாக இருந்த காலம் அது. வாங்கக் கிடைத்ததெல்லாம் அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணும்படி சில வண்டிகள். ஆகவே எல்லோருடைய காரும் ஏறக்குறைய ஒன்றுதான். எவன் அதைச் சாமர்த்தியமாகத் திருகியிருக்கிறான் என்பதில்தான் வித்தியாசம்.

சித்தப்பாவிடம் இருந்தது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் சென்னையிலேயே தயாரான வண்டி. கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. அதன் விசேஷம், முன்புறம் முழுவதும், விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்த்து, முதலை வாயைத் திறப்பது போல் அப்படியே முன்னால் சாயும். சக்கரத்தின் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை செய்யலாம். வருஷத்தில் பதினோரு மாதம் சித்தியும் குழந்தைகளும் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்த குடும்ப வண்டி அது. பொங்கல் கழிந்ததும் அதற்கு வேறு அவதாரம் ஆரம்பமாகிவிடும்.

முதலில் பின் ஸீட் கழலும். அப்புறம் முன் ஸீட் ஒன்று, தரை விரிப்பு, பம்பர், ஸ்டெப்னி. எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது கணக்கு. புதுப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் இரவு எட்டு மணிக்கு மேல் வருவார். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து, மயிரிழை மயிரிழையாக ராவிக்கொண்டு வருவார்கள். ஹெட் தணிந்தால் பெட்ரோல் ஆவி இன்னும் நெருக்கமாக அமுங்கி, வெடிப்பு உக்கிரமாக இருக்கும். அளவு மீறி ராவினால் எஞ்சின் தட்ட ஆரம்பித்துவிடும்.

"இன்னும் ஒரு நூலு எடுக்கலாமா, தம்பி?" என்பார் சித்தப்பா.

"வேணாம் சார். அப்பாலிக்கா அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்பார் மெக்கானிக்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஹெரால்டின் பின் சக்கரங்களுக்கு ஒரு கெட்ட சுபாவம் உண்டு. வேகமாகத் திரும்பும்போது காரின் பின்பாகம் மேலெழும்பினால், சக்கரம் உள்பக்கமாக மடிந்துகொள்ளும். மடிந்தால் பிடிப்புப் போய்விடும், வண்டி சுழன்றுவிடும், சமயத்தில் கவிழ்ந்தும் விடும். பின் ஸ்பிரிங்கைத் தாழ்த்தி இதை ஓரளவு சமாளிப்பார்கள். 'ஓரளவு' என்ற வார்த்தைதான் சித்தியின் தூக்கத்தைக் கெடுத்தது.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியுமுன்பே வீடு அமளிதுமளிப்படும். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, ஃபிளாஸ்கில் காப்பி, ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சு. ஸீட் இல்லாத ஹெரால்டில் சித்தப்பாவும் மெக்கானிக்கும் முன்னால் போய்விடுவார்கள். நாங்கள் ஒரு வாடகை வேனில் பின்னால் போவோம். செங்குன்றத்திலேயே ஜன நெரிசல் ஆரம்பமாகிவிடும். அரிசி மில்களைத் தாண்டி, சைக்கிளிலும் பஸ் கூரையிலும் ஜனங்கள் போய்க்கொண்டிருப்பார்கள். ஐஸ்காரர், வேர்க்கடலைக்காரர், காகிதத் தொப்பி விற்பவர் எல்லோரும் எங்களுக்கு முன்பே ஆஜர். பந்தயத்தைவிடக் கூட்டத்தைப் பார்ப்பதே பெரிய வேடிக்கை.

அந்த இடத்துக்கென்று ஒரு வாசனை இருந்தது. பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த எண்ணெய் ஊற்றுவது ரொம்ப நாளைய வழக்கம். அதீதமான சூட்டிலும் அது நீர்த்துப் போகாது என்பார்கள். நாங்கள் பேதிக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அதே விளக்கெண்ணெயின் உறவுக்காரப் புகையை, பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆனந்தமாக முகர்வதைப் பார்த்து எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கார்களை நிறுத்திய இடத்துக்குப் பின்னால் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போட்டிருப்பார்கள். பெண்டு பிள்ளைகளின் ராஜ்யம் அதுதான். கணவன்மார்கள் அங்கே பாதையில் ஒருவரையொருவர் முந்துவதற்காக உயிரைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மனைவிமார்கள் இங்கே ஒருவருக்கொருவர் ஊறுகாய் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். சித்தியின் நெருங்கிய சிநேகிதி, சித்தப்பாவின் ஜன்மப் பகையான ஒரு ஃபியட்காரரின் மனைவி. குழந்தைகளாகிய நாங்கள் அவளை ஃபியட் மாமி என்றே கூப்பிடுவோம். பகை என்றேனே, அதுவும் பாதையில்தான். ஒரு வருஷம் ஃபியட்காரருக்கு ஸ்பார்க் பிளக் தீர்ந்து போக, சித்தப்பா தம்மிடமிருந்த புதுசு நான்கையும் எடுத்துக் கொடுத்து, அந்த பிளக்குகளிடமே தோற்றுப் போய் வந்தார். "அவன் வண்டி ஓடாமல் நான் ஜெயித்து என்ன பிரயோசனம்?" என்பது அவருடைய வாதம்.

இதில் ஒரு விஷயம். சித்தி ஒரு பந்தயத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. கொடி அசைந்ததும் பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். மடியில் ஆரஞ்சுப் பழம். ஹெரால்டின் சத்தம் நெருங்கி வந்து, முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு கடந்து போகும். உடனே ஆரஞ்சு விதை ஒன்றை எடுத்துப் புடவைத் தலைப்பில் வைப்பாள். ஒரு சுற்றுக்கு ஒரு விதை. இருபது கார் ஓடினாலும் தன் வீட்டுக் காரின் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்கும். பத்து விதை சேர்ந்துவிட்டால் பந்தயம் முடிந்தது. தலைப்பை உதறிவிட்டு, "யார் ஜெயித்தது?" என்று கேட்பாள்.

ஒரு வருஷம், ஆறாவது விதைக்குப் பிறகு ஹெரால்டு வரவில்லை.

மற்ற கார்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று கடந்து போயின. சித்தியின் விரல்கள் ஏழாவது விதையைப் பிடித்தபடி நின்றுவிட்டன. ஃபியட்டும் வரவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தோம். தூரத்துத் திருப்பத்தில், வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில், புழுதி எழும்பியிருந்தது. மெக்கானிக் அந்தத் திசையில் செருப்பை உதறிவிட்டு ஓடினார். ஃபியட் மாமி எழுந்து நின்றாள். சித்தி எழுந்திருக்கவில்லை, மாமியின் கையை மட்டும் எட்டிப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிஷம் இருக்கலாம். அந்த வயதில் அதைவிட நீளமான ஐந்து நிமிஷத்தை நான் அறிந்ததில்லை.

அப்புறம் ஹெரால்டு வந்தது. ஊர்வலத்தில் வருவது போல் மெதுவாக வந்தது. ஸீட் கழற்றிய இடத்தில், வெறும் தகட்டின் மேல், ஃபியட்காரர் ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபியட் திருப்பத்தில் கவிழ்ந்துவிட்டது. பின்னால் வந்த சித்தப்பா காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, அவரை வெளியே இழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸ் மறுகோடியில் நின்றதால் தாமே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். காறை எலும்பு முறிந்திருந்தது, பிழைத்துக்கொண்டார். அன்று யார் ஜெயித்தார்கள் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது.

இந்தக் கதையைச் சித்தப்பா சொல்லும்போது அது ஒரு வீரக் கதையாக இருக்கும். சித்தி சொன்ன கதை வேறு. பல வருஷங்களுக்குப் பிறகு, சித்தப்பாவும் காலமான பின், அவள் என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "வண்டி கண்ணில் படுகிறதற்கு முன்னாலேயே எனக்குச் சத்தம் கேட்டுவிட்டது. நம்ம வண்டிதான் என்று தெரிந்துபோயிற்று. பக்கத்தில் அவள் நிற்கிறாள். அவள் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. 'வந்துவிட்டார்' என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்."

அதற்குப் பிறகும் சித்தப்பா இரண்டு வருஷம் ஓட்டினார். சித்தியும் போனாள். இனிமேல் வீட்டிலேயே இருந்துவிடேன் என்று என் அம்மா சொன்னதற்கு, "வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதைக் கேட்பேன், அக்கா?" என்றாளாம்.

சோழவரத்தின் காலம் 1980-களோடு முடிந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே அமைத்த பாதை 1990-ல் திறக்கப்பட்டது. கோயமுத்தூர்க் கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்துச் சிறு பந்தயக் கார்களை உருவாக்கி, ஒரு புதிய தலைமுறைக்கே பாதை போட்டுக் கொடுத்தார். 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். ஆனால் அந்த ஊரிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2024-ல் நம் தீவுத்திடலைச் சுற்றியே மின்விளக்கு வெளிச்சத்தில் கார்கள் பறந்தன. இப்போது ஓட்டுகிறவர்கள் நெருப்புப் பிடிக்காத உடை அணிகிறார்கள். காருக்குள் இரும்புக் கூண்டு இருக்கிறது. கவிழ்ந்தால் நிமிஷத்தில் டாக்டர் வருகிறார். இதைக் குறை சொல்லுகிறவன் அந்தப் பந்தலில் ஐந்து நிமிஷம் காத்திருந்து பார்த்தவனாக இருக்க முடியாது.

ஆனால் கூண்டுக்கும் உடைக்கும் பணம் வேண்டும். பணத்துக்குக் கம்பெனி வேண்டும். கம்பெனிக்கு வெற்றி வேண்டும். எதிராளிக்கு நான்கு பிளக்குகளை எடுத்துக் கொடுக்கிறவனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? குடும்ப வண்டியில் போய்ப் பந்தயம் ஓட்டிவிட்டு, அதே வண்டியில் மறுவாரம் கல்யாணத்துக்குப் போகிற மனிதருக்கு அங்கே இடம் இல்லாமல் போயிற்று. சித்தப்பா யாரையும் நொந்துகொள்ளவில்லை. ஹெரால்டுக்கு ஸீட்டுகளைத் திரும்ப மாட்டினார். சில வருஷம் கழித்து அதே மெக்கானிக்கிடமே அதை விற்றுவிட்டார்.

ஃபியட் மாமி இப்போதும் வருஷா வருஷம் பொங்கலுக்கு வருவாள். இரண்டு பேரும் பழைய பந்தயங்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மருமகள் சமையலையும் முழங்கால் வலியையும் பற்றித்தான் பேசுவார்கள். மேஜையின் மேல், சித்தப்பா ஜெயித்த ஒரே கோப்பை இருக்கிறது, மூன்றாவது பரிசு. முலாம் எல்லாம் போய்விட்டது. சித்தி அதில் சில்லறை போட்டு வைத்திருக்கிறாள். சென்ற முறை நான் போயிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளேயிருந்தபடியே சித்தி சொன்னாள்: "ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை. பிளக்கை மாற்றச் சொல்லு."