ஈரலில் இரும்பு

ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மாதந்தோறும் அவற்றைக் கடந்து சென்று இரத்தம் ஏற்றிக்கொண்டு திரும்பும் சிறுவன் ஒருவன் நம் பங்கில் இருக்கிறான். காப்பித் தோட்டக் கூலிகளின் ஒரே மகன். இரண்டு வயதைத் தாண்டியதும் அவன் வெளுக்கத் தொடங்கினான். "பிள்ளைக்கு ரத்தமே இல்ல சாமி" என்று தாய் அழுதபோது, நாம் எல்லாம் அறிந்தவரைப் போல முருங்கைக்கீரை கொடுக்கச் சொன்னோம். நம் செலவிலேயே இரும்புச்சத்து டானிக்கும் வாங்கித் தந்தோம். ஓராண்டுக்கும் மேலாக அவன் அதைக் குடித்தான். குருத்துவக் கல்லூரியில் ஆன்மாவையும் உடலையும் பற்றி ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் நாம். ஈரலைப் பற்றி ஒரு நாளும் படித்ததில்லை.

பின்னரே நோயின் பெயர் தெரிந்தது: தலசீமியா. இரத்தச் சிவப்பணுவைச் செம்மையாக உருவாக்க இயலாத பிறவிக் குறை அது. அவனுக்குக் குறைவாயிருந்தது இரும்பு அன்று. பிறர் தரும் இரத்தமே அவனை வாழ்விக்கிறது. அந்த இரத்தமே அவனுக்குச் சுமையாகவும் ஆகிறது. ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கும். வளர்ந்த மனிதரின் உடலோ நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அளவே இரும்பை இழக்கிறது. மிகுந்ததை வெளியேற்ற உடலில் வழியே கிடையாது. ஒரே பையில் இருநூறு நாள்களுக்குரிய இரும்பு வந்துவிடுகிறது. அடுத்த பையோ அடுத்த மாதமே வந்துவிடும். மிஞ்சியதெல்லாம் முதலில் ஈரலில் தங்கும். பின்பு இதயத்திலும் படியும்.

எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அறிவது எப்படி? இரத்தத்தில் 'ஃபெரிட்டின்' அளவைப் பார்ப்பதுண்டு. ஆனால் ஒரு காய்ச்சல் வந்தாலே அந்த எண் ஏறிவிடும். முற்காலத்தில் ஈரலில் ஊசி செலுத்தித் துணுக்கெடுத்துச் சோதிப்பதே உறுதியான வழியாக இருந்தது. அந்தத் துணுக்கோ முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். இரத்தக் கசிவு அச்சமும் உண்டு. சிறுவனின் தாய் ஊசியென்றதும் நம் கையைப் பற்றிக்கொண்டார். "ஊசி வேண்டாம் அம்மா, படம் எடுத்தே அளந்துவிடலாம்" என்றார் மருத்துவர். எம்.ஆர்.ஐ. ஸ்கேனைத்தான் சொன்னார்.

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்தக்கல் உண்டு. அத்தகைய பாறையருகே திசைகாட்டியை வைத்தால் முள் தடுமாறும். ஏறக்குறைய அதுவே அந்தக் கருவிக்குள்ளும் நிகழ்கிறது. உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் ஒரே சுருதியில் ஒலிக்கின்றன எனலாம். ஈரலில் இரும்பு மிகுந்திருந்தால் சுற்றியுள்ள புலம் கலைந்து, அவ்வொலி விரைவில் அடங்கிவிடும். எவ்வளவு விரைவாக அடங்குகிறதோ அவ்வளவு இரும்பு. இவ்வாறு இதயத்தையும் ஈரலையும் அளக்கும் முறையை இலண்டன் மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்டனர்.

நாமும் உடன் சென்றோம். உலோகம் உள்ளே போகலாகாது என்றதும், தாய் மகனின் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி நம் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே சுத்தியலடி போன்ற ஓசை. மூச்சை அடக்கு, விடு என்ற கட்டளை. வந்த எண்: ஒரு கிராம் உலர்ந்த ஈரலுக்கு 17 மில்லிகிராம் இரும்பு. 2-க்கும் குறைவாக இருக்க வேண்டியது. 15-ஐக் கடந்தால் பேராபத்து. "நாம் கொடுத்த டானிக்தான் காரணமா?" என்று கேட்டோம். "பெரும்பங்கு ரத்தத்திலிருந்து வந்தது ஃபாதர்" என்றார் மருத்துவர். பெரும்பங்கு என்றாரேயன்றி முழுப்பங்கு என்று சொல்லவில்லை. அந்தச் சொல் பல இரவுகள் நம்மை உறங்க விடவில்லை.

அந்தச் சந்திப்பிலேயே மருத்துவர் நம் தொந்தியையும் நோக்கினார். புதுமனை மந்திரிப்பு, திருமண விருந்து என்று எந்த வீட்டிலும் இலையை மறுக்கத் தெரியாத பங்குத்தந்தையின் தொந்தி அது. சில மாதங்களில் நாமும் அதே கருவிக்குள் படுத்தோம். நமக்கு அளந்தது கொழுப்பு. கொழுப்பிலுள்ள ஹைட்ரஜன் நீரிலுள்ளதைவிடச் சற்றே தாழ்ந்த சுருதியில் ஒலிக்குமாம். பாடகர் குழுவில் சுருதி விலகிய இருவரைப் போல இரண்டும் ஒருகணம் இணைந்தும் மறுகணம் முரண்பட்டும் கேட்கும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து கொழுப்பின் பங்கைக் கணக்கிடுவர். 1984-இல் டிக்சன் என்பவர் காட்டிய வழி இது. இரும்பு மிகுந்த ஈரலில் ஒலி முந்தியே அடங்கிவிடுவதால் கொழுப்பின் கணக்கும் பிழைபடும். ஆகவே பல எதிரொலிகளை ஒரே மூச்சடக்கத்தில் பதிவுசெய்து, இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகின்றனர்.

நம் ஈரலில் கொழுப்பு நூற்றுக்குப் பதினெட்டு. ஐந்தைத் தாண்டினாலே மிகுதி. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர்.

சிறுவனுக்கு இரும்பை வெளியேற்றும் மாத்திரையை நாள்தோறும் கரைத்துக் கொடுக்கின்றனர். சுவை பிடிக்காமல் முகத்தைச் சுளிப்பான். ஓராண்டு கழித்து மீண்டும் படமெடுத்தபோது 17 என்பது 11 ஆகியிருந்தது. அன்று மாலை மலையேறி வந்ததும் தாய் ஒரு கட்டு முருங்கைக்கீரையுடன் நம் வாசலில் நின்றார்.

"இது அவனுக்கில்ல சாமி. உங்களுக்கு. ராத்திரி சோத்தக் குறைச்சு இதச் சாப்பிடுங்க" என்றார்.