பறந்தவர்கள் தரையிறங்கிய இரவு

இலக்கியம் பேசும் இடத்தில் கூடைப்பந்தா என்று முகம் சுளிக்கக்கூடிய நண்பர்களிடம் முன்கூட்டியே பொறுமை வேண்டுகிறோம். அதிலும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. அதிலும் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அணி. அதிலும் தோற்ற அணி. 1983ஆம் ஆண்டின் ஹ்யூஸ்டன் பல்கலைக்கழக அணியைப் பற்றிச் சில ஆண்டுகளாகவே விட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆட்டம் நடந்த காலத்தில் நாம் எழுத்துக்கூட்டவும் தொடங்கியிருக்கவில்லை. நாம் அறிந்ததெல்லாம் நிறம் மங்கிய ஒளிப்பதிவுகளின் வழியாகத்தான். ஆனால் அவற்றைப் பார்க்கும்தோறும் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. தன் இயல்பினால் முன்னிலை பெற்றவன், முன்னிலை பெற்றபின் அந்த இயல்பைக் கைவிடுவது அறிவுடைமையா, அச்சமா?

அந்த அணியின் இயல்பு பறத்தல். எகிறி எழும்பி, வளையத்துக்கு மேலிருந்து பந்தை உள்ளே அறைகிற டங்க் என்னும் ஆட்டமுறையை 1967இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தடைசெய்தார்கள். தடை 1976இல்தான் நீங்கியது. ஹ்யூஸ்டனின் பயிற்சியாளர் கய் லூயிஸுக்கு டங்க் ஒரு கேளிக்கை அன்று. வளையத்துக்கு மேலிருந்து போடுகிற பந்து தவறுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்ற எளிய கணக்கு அவருடையது. அந்தக் கணக்குக்கு ஏற்ற உடல்கள் 1982-83 பருவத்தில் அவருக்கு வாய்த்தன. க்ளைட் டிரெக்ஸ்லர், லாரி மிஷோ, மைக்கேல் யங், பென்னி ஆண்டர்ஸ், நடுவில் ஒலாஜுவான். ‘ஹ்யூஸ்டன் போஸ்ட்’ நாளிதழின் தாமஸ் பாங்க் என்ற செய்தியாளர் இவர்களுக்கு ‘ஃபை ஸ்லாமா ஜாமா’ என்று பெயர் சூட்டினார். அமெரிக்கக் கல்லூரி மாணவர் சங்கங்கள் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொள்ளும் வழக்கத்தைப் பகடி செய்து பிறந்த பெயர் அது. பெயர் சட்டென ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயர்கள் ஒட்டிக்கொள்வதற்குத் தமிழ்நாட்டாருக்கு விளக்கம் தேவையில்லை.

ஒலாஜுவானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தவர். அங்கே கால்பந்தும் கைப்பந்தும் ஆடி வளர்ந்தவர். கூடைப்பந்தைத் தொட்டதே பதினைந்து வயதுவாக்கில்தான். 1980இல் ஹ்யூஸ்டனுக்கு வந்தார். கோடை விடுமுறைகளில் அந்நகரின் ஃபோண்டி பொழுதுபோக்கு மையத்தில், அந்நாளின் பெரும் தொழில்முறை ஆட்டக்காரரான மோசஸ் மலோனோடு மோதி மோதிக் கற்றார். மூன்றே ஆண்டுகளில், நாட்டின் எந்தக் கல்லூரி அணியும் நேருக்கு நேர் எதிர்கொள்ள அஞ்சும் நடுவராணாக ஆகியிருந்தார். ஏறத்தாழ ஏழடி உயரத்தில் நடனக்காரரின் பாதங்கள். கால்பந்து கொடுத்த பாதங்கள் அவை என்று சொல்வார்கள். பதிவுகளைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

அந்தப் பருவத்தில் ஹ்யூஸ்டன் இறுதியாட்டத்துக்கு வந்தபோது தொடர்ந்து 26 வெற்றிகள் பெற்றிருந்தது. தரவரிசையில் முதலிடம். அரையிறுதியில் தங்களைப்போலவே பறக்கும் ஆட்டம் ஆடிய லூயிவில் அணியை, இரண்டாம் பாதியில் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து எழும்பி, 94-81 என்று வீழ்த்தினார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்த பலரும் அதையே உண்மையான இறுதியாட்டம் எனக் கொண்டுவிட்டார்கள். ஏனெனில் எதிரே மிச்சமிருந்தது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணி. அந்தப் பருவத்தில் பத்து ஆட்டங்களில் தோற்ற அணி. அதன் முதன்மை எறிவாளர் டெரெக் விட்டன்பர்க் பருவத்தின் நடுவில் காலெலும்பு முறிந்து பல வாரங்கள் வெளியே இருந்தவர். போட்டித் தொடரில் பெப்பர்டைனை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின், நெவாடா லாஸ் வேகாஸை ஒரு புள்ளியில், வர்ஜீனியாவை ஒரு புள்ளியில் என்று ஒவ்வொரு முறையும் கழுத்தில் கத்தி இருக்கும்போதே தப்பி வந்தவர்கள். பயிற்சியாளர் ஜிம் வல்வானோ நகைச்சுவையாகப் பேசக்கூடியவர். பின்தங்கியிருக்கையில், ஃப்ரீ த்ரோ சரியாகப் போடாத எதிரணிக்காரனை வேண்டுமென்றே ஃபவுல் செய்து கோட்டுக்கு அனுப்புவது அவருடைய உத்தி. அழகற்ற உத்திதான். விதிக்குட்பட்டது.

ஃப்ரீ த்ரோ என்பது இந்த விளையாட்டின் மிகத் தனிமையான செயல். எவரும் தடுக்கமாட்டார்கள், ஓட்டமில்லை, பாய்ச்சல் இல்லை. கோட்டில் நின்று, மூச்சை அடக்கி, பதினைந்து அடிக்கு அப்பாலுள்ள வளையத்தில் பந்தைப் போட வேண்டும். ஹ்யூஸ்டன் அணி அந்தப் பருவம் முழுவதும் பத்துக்கு ஆறு என்ற அளவில்தான் அதில் தேறியது. 31 ஆட்டங்களில் வெல்கிற அணிக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றியிருக்காது. வீட்டின் பின்சுவரில் விரிசல் இருப்பது மழை வரும் வரை யாருக்கும் நினைவில் இருப்பதில்லையே.

1983 ஏப்ரல் 4, ஆல்புகர்க்கி நகரம், நியூ மெக்சிகோ மாநிலம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரத்தில், தரையைத் தோண்டி அமைத்ததால் ‘குழி’ என்றே பெயர் பெற்ற அரங்கம். காற்று மெலிந்த ஊர். முதல் பாதியில் ஹ்யூஸ்டன் தடுமாறியது. 33-25 என்று பின்தங்கியது. அதைவிடக் கேடு, டிரெக்ஸ்லர் மேல் இடைவேளைக்குள் நான்கு ஃபவுல்கள். ஐந்தாவது விழுந்தால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். மூன்று ஃபவுல்கள் ஆனபிறகும் அவரை உட்கார வைக்காதது பற்றி லூயிஸை இன்றுவரை குறைசொல்கிறார்கள். அந்தக் குறை நியாயமானது என்றே நாமும் கருதுகிறோம். அந்த இரவில் டிரெக்ஸ்லர் எடுத்தது நான்கு புள்ளிகள் மட்டுமே.

இரண்டாம் பாதி தொடங்கியதும் காட்சி மாறியது. ஹ்யூஸ்டன் 17 புள்ளிகள் எடுப்பதற்குள் எதிரணி எடுத்தது இரண்டே புள்ளி. 42-35. ஒலாஜுவான் எல்லாப் பந்துகளையும் தன்னுடையதாக்கிக்கொண்டார். பதிவில் இந்தப் பகுதியைப் பார்க்கும்போது, முடிவு தெரிந்திருந்தும் நமக்கு மயக்கம் வருகிறது: இவர்கள் எப்படித் தோற்க முடியும்?

இங்கேதான் லூயிஸ் ஆட்டத்தை மெதுவாக்கினார். பந்தை வைத்துக்கொண்டு சுற்றச் சொன்னார். அக்காலத்தில் அந்தப் போட்டித் தொடரில் எறிகடிகாரம் கிடையாது; இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் 1985-86 பருவத்தில்தான் நாடெங்கும் வந்தது. ஆகவே முன்னிலையில் உள்ள அணி பந்தைப் பிடித்து நிற்பது அன்று எல்லாப் பயிற்சியாளர்களும் செய்த காரியம். லூயிஸுக்குக் காரணங்களும் இருந்தன. ஒலாஜுவானுக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கியது. டிரெக்ஸ்லர் ஐந்தாவது ஃபவுலின் விளிம்பில் நின்றார். ஓய்வும் காப்பும் ஒருங்கே கிடைக்கும் வழி அது. தாளில் எழுதிப் பார்த்தால் பிழையே இல்லை.

ஆனால் ஆட்டம் அதுவரை நடந்துகொண்டிருந்த இடம் காற்று; லூயிஸ் அதைத் தரைக்குக் கொண்டுவந்தார். தரையில் நின்றால் ஃபவுல் செய்வார்கள். ஃபவுல் செய்தால் கோட்டில் போய் நிற்க வேண்டும். பருவம் முழுவதும் யாரும் பார்க்காத அந்த விரிசல் முன்னால் வந்து நின்றது. மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மீதியிருக்கையில் 52-46. அதற்குப்பின் ஹ்யூஸ்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. விட்டன்பர்க்கும் சிட்னி லோவும் தொலைவிலிருந்து எறிந்து எறிந்து 52-52 ஆக்கினார்கள். ஒரு நிமிடம் மீதியிருக்கையில் ஆல்வின் ஃப்ராங்க்ளின் என்ற முதலாண்டு மாணவரை ஃபவுல் செய்து கோட்டுக்கு அனுப்பினார்கள். முதலாவதைப் போட்டால்தான் இரண்டாவது வாய்ப்பு. முதலாவது விழவில்லை. அன்றிரவு ஹ்யூஸ்டன் எறிந்த 19 ஃப்ரீ த்ரோக்களில் விழுந்தவை பத்து.

கடைசி நொடிகள் பலமுறை ஒளிபரப்பானவை. எதிரணி கடைசி எறிதலுக்காகப் பந்தை வைத்திருக்கிறது. விட்டன்பர்க்கை நோக்கி வந்த பந்தின் மேல் பென்னி ஆண்டர்ஸின் விரல்கள் படுகின்றன. பட்டுவிட்டு நழுவுகின்றன. முழுதாகக் கைக்குள் வந்திருந்தால், அவர் முன்னே ஆளற்ற மைதானம், மறுமுனையில் அந்த அணியின் பெயருக்கேற்ற ஒரு டங்க், சாம்பியன் பட்டம். விட்டன்பர்க் தட்டுத்தடுமாறிப் பந்தை மீட்டு, முப்பதடி தொலைவிலிருந்து வீசுகிறார். பந்து வளையத்தை எட்டவில்லை. ஒலாஜுவான் கூடைக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கூடையின் அருகே இருந்த லொரென்சோ சார்ல்ஸ் எம்பி, குறைந்துபோன அந்தப் பந்தைப் பிடித்து, அப்படியே வளையத்துக்குள் அறைகிறார். 54-52. டங்க் அணியை டங்க் வீழ்த்தியது. வல்வானோ கட்டிக்கொள்ள ஆள் தேடி மைதானம் முழுக்க ஓடுகிறார். கேமரா அவர் பின்னாலேயே போய்விடுகிறது. நாம் பார்க்க விரும்பும் முகங்களை அது காட்டவில்லை.

லூயிஸின் மீது அந்தத் தோல்வி நிரந்தரமாகப் படிந்துவிட்டது. சிவப்பு வெள்ளைப் புள்ளித் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரை, திறமையானவர்களைச் சேர்த்துவிட்டு அவர்களை ஆளத் தெரியாதவர் என்று பேசினார்கள். 1964இல் எல்வின் ஹேய்ஸ், டான் சேனி என்ற இரு கறுப்பின இளைஞர்களை அணிக்குக் கொண்டுவந்து, தெற்கத்திய வெள்ளையர் கல்லூரி ஒன்றின் ஆடுகளத்தைத் திறந்துவிட்டவர் அவர். 1968இல் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 52,693 பேர் முன்னிலையில், 47 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்த யு.சி.எல்.ஏ. அணியை 71-69 என்று வீழ்த்தி, கல்லூரிக் கூடைப்பந்து ஒரு பெருங்காட்சியாக முடியும் என்று காட்டியவர். ஐந்து முறை இறுதி நால்வரில் தம் அணியை நிறுத்தியவர். 1986இல் ஓய்வுபெற்ற அவரைக் கூடைப்பந்துப் புகழ்மண்டபம் சேர்த்துக்கொண்டது 2013இல். அதற்குள் பேச்சும் நடையும் தளர்ந்து, சக்கர நாற்காலிக்கு வந்திருந்தார். 2015இல் இறந்தார். பத்து நிமிடத் தீர்மானம் ஒன்றுக்கு இத்தனை ஆண்டு வட்டி அதிகம்.

அந்தத் தீர்மானம் தவறு என்றுதான் நாமும் நினைக்கிறோம். ஆனால் அதில் கோழைத்தனம் இல்லை. இழக்க ஏதும் இல்லாதபோது பறப்பது எளிது. ஏழு புள்ளி முன்னிலை என்பது இழக்கக்கூடிய ஒன்று கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அக்கணத்தில் காக்கத் தோன்றாத மனிதர் அரிது. விடைத்தாள்களில்கூட இதைக் காண்கிறோம்: முதல் மூன்று பக்கம் சொந்தச் சொல்லில் துணிந்து எழுதிவந்த மாணவர், நன்றாகப் போகிறது என்று உணர்ந்ததும் உரைநூல் வாக்கியங்களுக்குள் ஒதுங்கிவிடுகிறார்.

தொடரின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை ஒலாஜுவானுக்குக் கொடுத்தார்கள். இறுதியாட்டத்தில் 20 புள்ளிகளும் 18 ரீபௌண்டுகளும் அவருடையவை. தோற்ற அணிக்காரருக்கு வெற்றி மேடையில் விருது. வெண்ணிக்குயத்தியார் நினைவுக்கு வருகிறார். வெண்ணிப்போரில் வென்ற கரிகாலனை முன்னால் வைத்துப் பாடிக்கொண்டே, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று அவனிடமே கேட்டவர் (புறநானூறு 66). ஒப்புமையை நீட்ட வேண்டாம். இங்கே யாரும் உயிர்விடவில்லை. ஒலாஜுவானும் டிரெக்ஸ்லரும் பின்னாளில், 1995இல், ஹ்யூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்காகச் சேர்ந்தே தொழில்முறைச் சாம்பியன்கள் ஆனார்கள்.

பென்னி ஆண்டர்ஸுக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. அந்த அணியின் மிகக் கலகலப்பான மனிதர் கல்லூரிக்குப் பின் பொதுப்பார்வையிலிருந்தே மறைந்துபோனார். பழைய தோழர்கள் இருவர் அவரைத் தேடிச் செல்வதை 2016இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று பின்தொடர்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடிக்கிறார்கள். விரலில் பட்டு நழுவிய அந்தப் பந்துக்கும் அவருடைய பிற்கால வாழ்வுக்கும் முடிச்சுப்போட நம் மனம் துடிக்கிறது. போடக்கூடாது. வென்ற பந்தைப் பிடித்த லொரென்சோ சார்ல்ஸ், 2011இல், தாம் ஓட்டிச்சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகி இறந்தார். அவருக்கு வயது 47. பந்து எவர் கையில் விழுந்தது என்பதிலிருந்து வாழ்க்கைகளைக் கணிக்க முடியாது.

ஹ்யூஸ்டன் 2025 ஏப்ரல் 7 அன்று, சான் அன்டோனியோவில், மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தது. கெல்வின் சாம்ப்சன் பயிற்றுவித்த இந்த அணி பறக்கும் அணி அன்று; தடுத்தே மூச்சுத் திணற வைக்கும் அணி. இரண்டு நாள் முன்னர், 14 புள்ளி பின்தங்கிய நிலையிலிருந்து டியூக் அணியை வென்று வந்திருந்தார்கள். இறுதியாட்டத்தின் இரண்டாம் பாதியில் ஃப்ளோரிடாவை விட 12 புள்ளி முன்னிலை. அது கரைந்தது. கடைசி நொடிகளில் இமானுவேல் ஷார்ப் எறிவதற்கு எம்புகிறார். எதிரே வால்டர் கிளேட்டன் பாய்ந்து வருவதைக் கண்டு, எறியாமல் பந்தைக் கீழே விடுகிறார். எம்பியவர் விட்ட பந்தை அவரே முதலில் தொட்டால் விதிமீறல். ஆகவே தொடாமல், யாராவது எடுங்கள் என்பதுபோல் பக்கத்திலேயே நிற்கிறார். பந்து தரையில் துள்ளுகிறது. ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் கோண்டன் அதன்மேல் விழுந்து புரள்கிறார். 65-63, இம்முறையும் இரண்டே புள்ளி. 1983இன் பதிவை எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். இதை இன்னும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.