நான்கு எழுத்து ஏடு

மம்பாவ் வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக இருந்த எனக்கு, 1999ஆம் ஆண்டு என்றதும் கொசுமருந்துப் புகையின் நெடியே நினைவில் எழுகின்றது. போர்ட்டிக்சன் பக்கத்துப் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் சாவுச் செய்தி வந்த காலம் அது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றனர். கொசுவே காரணம் என்றனர். நானும் அதையே வகுப்பில் ஒப்புவித்தேன்.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, கொசு எங்களையுந்தானே கடிக்கிறது? எங்கள் லயத்தில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே?" என்றாள். "உட்கார் அம்மா" என்று அவளை அடக்கிவிட்டேன்.

அவள் ஐயம் நியாயமானது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது; இங்கு மாண்டவரோ பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் உழைத்த பெரியவர்கள். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதியதொரு வைரசைப் பிரித்தெடுத்தார். அதற்கு நிப்பா என்ற பெயரே நிலைத்தது. நோய் அடங்குவதற்குள் நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

அந்த வைரசின் மரபுச் செய்தி, நான்கே வகை எழுத்துகளால் ஆன ஓர் ஏடு; நீளம் 18,246 எழுத்து. ஆஸ்திரேலியாவில் 1994இல் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரசின் ஏட்டோடு அதனை ஒப்பிட்டபோது, இரண்டும் நெருங்கிய உறவின என்பது புலனாயிற்று. ஹெண்ட்ராவின் உறைவிடம் பழந்தின்னி வௌவால். ஆகவே இங்கும் வௌவாலைத் தேடினர். தியோமான் தீவில் வௌவால்கள் தங்கும் மரங்களின் கீழ் நெகிழித்தாள் விரித்து, சொட்டிய சிறுநீரைத் திரட்டி ஆராய்ந்தபோது, அதில் நிப்பா இருந்தது. வௌவால் கடித்து உதிர்த்த கனிகளைப் பன்றிகள் தின்றதால் நோய் பரவியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கொட்டிலருகே பழமரம் வளர்க்கலாகாது என்னும் காப்புமுறை இவ்வாறு பிறந்தது.

அந்த மாணவி இன்று கணினி வழியே இத்தகைய ஏடுகளை ஒப்பிடும் உயிரியல் ஆய்வாளர். அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். "உ.வே.சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதையைச் சொன்னீர்களே ஐயா, நான் செய்வதும் அவ்வேலைதான்" என்றார்.

நான் நாணித் தலைகுனிந்தேன். சுவடியில் பாடம் பிழைத்தால் ஒரு செய்யுள் கெடும். நோயில் பாடம் பிழைத்தால் ஓர் ஊரே கெடும். ஆசிரியப் பெருமக்களே! "பொருந்தவில்லையே ஐயா" என்று ஒரு பிள்ளை எழுந்தால், உட்காரச் சொல்லாதீர்கள்.