லைட் போட்டால் டீசல் ஏறும் ஜீப்

"பகலெல்லாம் சில்லுனு கிடக்கு. பொழுது சாஞ்சு லைட்டைப் போட்டதும் காய்ச்சல் வந்துருது" என்று நண்பர் போனில் சொன்னபோது, அவர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டேன். அவர் சொன்னது ஜீப்பை.

நண்பர் போடிநாயக்கனூரில் பள்ளி ஆசிரியர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தில், அப்பா விட்டுப்போன ஏலத்தோட்டம் கொஞ்சம் இருக்கிறது. தோட்டத்தோடு சேர்ந்து வந்த சொத்துதான் அந்த மஹிந்திரா எம்எம் 540. போன வருடம் அதற்கு ஆசை ஆசையாகப் பச்சைப் பெயின்ட் அடித்தார். அதன் பிறகுதான் இந்தக் காய்ச்சல். ஹெட்லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். கூடவே டீசல் முள்ளும் ஏறும். அணைத்தால் இரண்டும் இறங்கிவிடும். "ராத்திரி ஓட்டுனா டீசல் சேருதுய்யா, ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான்" என்றார். "இந்த மாதிரி மீட்டரப் பிரிச்சுப் பாக்குற ஆள் எங்க ஊர்ல ஒருத்தர்தான் மிச்சம். வந்து பாரு, உனக்கு எழுத ஆகும்."

மதுரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினேன். போடியில் விடியற்காலை ஜீப்புகளுக்கு உரியது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியும் படுதாவுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஒன்றன்பின் ஒன்றாக மெட்டு ஏறப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நான் போனது மீட்டர்க்காரரைப் பார்க்க.

அறுபதை ஒட்டிய வயது. கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கொட்டகை, ஒரு மர மேசை, சுவர் முழுக்கப் பென்சிலால் எழுதிய எண்கள். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மீட்டர்க்காரர்'தான். நண்பர் பானெட்டைத் திறக்கப் போனார். "இருங்க வாத்தியாரே, அங்குட்டு ஒண்ணும் இல்ல" என்று தடுத்து, ஒரு நீள ஒயரை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டினார். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். இரண்டு முள்ளும் எழுந்தன. ஒயரின் மறு முனையை டேஷ்போர்டுக்குப் பின்னால், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் தொட்டார். இரண்டு முள்ளும் பொத்தென்று விழுந்தன. எடுத்தார், ஏறின. தொட்டார், விழுந்தன. மூன்று முறை செய்து காட்டிவிட்டு நண்பரைப் பார்த்துச் சிரித்தார். "பெயின்ட் நல்லா இருக்கு வாத்தியாரே."

விஷயம் இவ்வளவுதான். பெயின்டர் டேஷ்போர்டைக் கழற்றி, துளைகளுக்குள்ளும் சேர்த்துப் பச்சையைப் பூசியிருக்கிறார். திரும்ப மாட்டியபோது இரும்போடு இரும்பு சேரவில்லை. மீட்டருக்கும் விளக்குகளுக்கும் பாடி எர்த் ஒன்றுதான். லைட் எரியாத நேரத்தில் அந்த ஒட்டியும் ஒட்டாத எர்த் எப்படியோ சமாளித்துவிடும். லைட் போட்டதும் அத்தனை கரன்ட்டும் திரும்பிப் போக அந்த இடுக்கைத்தான் தேடி வரும். "மடை அடைச்சுக் கெடந்தா வாய்க்கால்ல தண்ணி மட்டம் ஏறுதில்ல, அது மாதிரி" என்றார். ஏறிய அந்த மட்டத்தை முள் சூடாகக் காட்டுகிறது, டீசலாகவும் காட்டுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மீட்டர் பொய் சொன்னால் இரண்டையும் சந்தேகிக்காதே, இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைச் சந்தேகி என்பது அவர் கணக்கு. எர்த் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் மீட்டர்களுக்குச் சீராக வோல்டேஜ் கொடுக்கும் ஸ்டெபிலைசர் மேல். அதன் உள்வேலையை இரண்டு முறை விளக்கினார். இரண்டு முறையும் தலையாட்டினேன். உப்புத்தாள் போட்டுத் துளைகளைத் தேய்த்தது, பழைய பேட்டரி கேபிளை வெட்டிப் புது எர்த் பட்டை செய்தது, வாசலின் தடவியது எல்லாம் ஒரு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் நான் இட்லி சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது இருவர் முகமும் சரியில்லை. எர்த் சரியாகிவிட்டது, லைட் போட்டாலும் முள் அசையவில்லை. ஆனால் எஞ்சின் இருபது நிமிடம் ஓடி, ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட முடியாத அளவு சூடேறிய பிறகும் முள் குளிர்ப் பக்கமே படுத்துக் கிடந்தது. இத்தனை நாளும் இரண்டு பொய்கள் ஒன்றையொன்று மறைத்து வந்திருக்கின்றன. கூட்டிச் சொல்லும் பொய்யைத் தீர்த்ததும், குறைத்துச் சொல்லும் பொய் வெளியே வந்துவிட்டது.

ஹெட்டில் திருகியிருக்கும் சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி, எஞ்சின் இரும்பில் ஒரு நொடி தொட்டார். முள் கடைசி வரை ஓடியது. மீட்டர் நல்ல மீட்டர், ஒயரும் நல்ல ஒயர். அதிக நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டர் கருகும் என்று எனக்கு ஒரு எச்சரிக்கை. பிறகு எஞ்சினை ஆறவிட்டுச் சென்சாரைக் கழற்றினார். சுண்டுவிரல் நீளப் பித்தளைத் திருகு. மரையைச் சுற்றி, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது போல வெள்ளை டேப் மூன்று சுற்று. "ஒழுகக் கூடாதுன்னு சுத்தியிருக்கான். இதுக்கு எர்த்தே அந்த மரை வழியாத்தான் போகணும்" என்று நகத்தால் உரித்துப் போட்டார்.

அடுத்து எடுத்ததுதான் நான் பார்க்க வந்த பொருள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. விளிம்பு நசுங்கிய ஓர் எவர்சில்வர் டம்ளர். அதற்குக் கம்பி வளைத்து ஒரு பிடி. அந்தப் பிடியிலேயே, பள்ளி ஆய்வகத்தில் இருப்பது போன்ற கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பக்கத்து டீக்கடையிலிருந்து கொதிக்கும் தண்ணீர் வந்தது. அவரது மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்து மறுபடி தளதளவென்று கொதிக்கவிட்டார். சென்சாரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பித்தளை முனை மட்டும் நனைய, பக்கத்தில் படாமல் பிடித்தார். மல்டிமீட்டர் 140 ஓம் காட்டியது. சுவரைத் திரும்பிப் பார்த்தார். இந்த மீட்டருக்குக் கொதிநீரில் ஐம்பதை ஒட்டி வரவேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. சூடு ஏற ஏற சென்சாரின் ஓம் குறையும். குறைய வேண்டிய அளவு குறையாவிட்டால், கொதிக்கிற தண்ணீரை முள் வெந்நீர் என்று சொல்லும்.

சுவரின் எண்கள் எல்லாம் இந்த டம்ளரிலிருந்து வந்தவை. எந்த மீட்டருக்கு எந்தச் சென்சார், அறுபதில் எவ்வளவு, எண்பதில் எவ்வளவு, கொதிப்பில் எவ்வளவு. கொதிப்பு என்ற இடத்தில் 99 என்று இருந்தது. நூறு இல்லையா என்று கேட்டேன். "நூறு கடற்கரையில தம்பி. நம்ம ஊரு சுமார் 350 மீட்டர் மேல கெடக்கு" என்றார். ஏறக்குறைய முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததை ஒருவர் பிழைப்புக்காகக் கைக்கொண்டிருந்தார்.

அவர் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தவரில்லை. பன்னிரண்டு வயதில் ஜீப்பில் கிளீனராக ஏறியவர். பத்தொன்பது வயதில் ஸ்டியரிங் கைக்கு வந்தது. ஒருநாள் உர மூட்டை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறார். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்தாயிற்று. முள் சிவப்புக்குப் பக்கத்தில். ஓரங்கட்டலாமா என்று யோசிக்கும்போதே முள் மளமளவென்று இறங்கியது. "சாமி காப்பாத்திருச்சுன்னு நெனச்சு, பாட்டுப் பாடிக்கிட்டே மிதிச்சேன் தம்பி." இரண்டு வளைவுக்கு அப்பால் எஞ்சின் இறுகி நின்றது. கீழ் ஹோஸ் வெடித்து மொத்தத் தண்ணீரும் ரோட்டில் போயிருந்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் சென்சார் எதைச் சொல்லும்? வெறும் காற்றில் நின்றுகொண்டு குளிர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறது. ஹெட் வெடித்து, பிஸ்டன் பிடித்து, முதலாளி எட்டு மாதச் சம்பளத்தைப் பிடித்தார்.

எட்டு மாதமும் சம்பளமில்லாமல் ஓட்டியபடியே, 'முள் ஏன் இறங்கிச்சு' என்று கண்ணில் பட்ட மெக்கானிக்கையெல்லாம் கேட்டிருக்கிறார். சரியான பதில் மதுரையில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கிடைத்தது. அவரிடமே போய் மூன்று வருடம் கிடந்தார். டம்ளர் அவர் கொடுத்தது. "ஏறுற முள்ளப் பாத்து எல்லாரும் பயப்படுறாய்ங்க. மேட்டுல இறங்குற முள்ளுக்குத்தான் வண்டிய நிப்பாட்டணும்" என்று இப்போது வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்கிறாராம். அன்று என் கண் முன்னாலேயே இரண்டு பேரிடம் சொன்னார்.

கடைச் சுவரில் மீட்டர் ஒன்று தொங்குகிறது. பின்புறத்திலிருந்து மெல்லிய செம்புக் குழாய் சுருண்டு கிடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்புகளில் இந்த வகைதான். குழாய்க்குள் ஈதர், சூட்டில் அது விரிந்து அழுத்தம் முள்ளைத் தள்ளும். பேட்டரி வேண்டாம், எர்த் வேண்டாம். மஹிந்திரா 1947-இல் இங்கே பூட்டத் தொடங்கியதும் வில்லிஸைத்தான். அந்த மீட்டர் பொய்யே சொல்லாது என்பது அவர் கட்சி. குழாய் நசுங்கினால் அத்தோடு சரி, பிழைக்காது.

இன்னொரு சென்சார் வாங்கிவர நண்பரோடு நானும் உதிரிபாகக் கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். கழற்றியதைக் காட்டினோம். கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, மரை பொருந்துகிறதா என்பது. பிளாஸ்டிக் உறையில் எண் இல்லை, எந்த மீட்டருக்கு என்ற குறிப்பு இல்லை. மூன்று சென்சார் வாங்கிவந்து டம்ளரில் போட்டால் மூன்றும் மூன்று விதம். ஒன்று தேறியது. மற்ற இரண்டையும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. திருகு செய்பவனுக்கு அது எந்த வண்டிக்குப் போகிறது என்று தெரியாது. மொத்தமாக வாங்கி உறையில் போடுபவருக்கு அது என்ன அளக்கிறது என்றே தெரியாது. கைமாறுகிற ஒவ்வொரு இடத்திலும் விலையில் கொஞ்சம் ஏறுகிறது, தகவல் கொஞ்சம் உதிர்கிறது. கடைசியில் மேட்டில் ஹெட் வெடிக்கும்போது பணம் கட்டுவது மாதச் சம்பளக்கார டிரைவர். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. அந்த வருடம் ஜீப் வாடகை ஏறியதா என்று மீட்டர்க்காரரிடம் கேட்டேன். "காய் வெல ஏறுனா காய்க்காரனுக்கு. காய் வெல இறங்குனா ஜீப்புக்காரனுக்கு" என்றார். தான் செய்த வேலைக்கு அன்று அவர் வாங்கியது 350 ரூபாய். ஐந்நூறு கொடுத்த நண்பருக்கு மீதியைச் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

இப்போது அவரிடம் வருகிற வண்டிகள் குறைந்துவிட்டன. புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் முள் காட்டும். பல வண்டிகளில் எஞ்சின் ஓரளவு சூடேறியதும் முள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, நிலைமை உண்மையிலேயே மோசமாகும் வரை அசையாதபடி செய்து வைத்திருக்கிறார்கள். சின்ன ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வாடிக்கையாளர் பயப்படக் கூடாதாம். அவருடைய அக்கா மகன் அகச்சிவப்புத் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறான். தூரத்திலிருந்தே சூட்டைச் சொல்லும். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துச் சொல்லும் என்பதால் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கருவி மேல் அவருக்கு வெறுப்பெல்லாம் இல்லை. "நல்லாத்தான் சொல்லுது. ஆனா ஓட்டுறவன் கையில துப்பாக்கி இருக்காதே."

கடைசியாக, தேறிய சென்சாரை டம்ளரில் தொங்கவிட்டு ஜீப்பின் ஒயரோடும் எர்த்தோடும் இணைத்தார். கொதிப்பில் முள் நின்ற இடத்தில், மீட்டர் கண்ணாடி மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தார். 80 டிகிரியில் இன்னொன்று. கம்பெனி போட்ட சி, எச் எழுத்துகளை விட இந்த இரண்டு புள்ளிகளை நம்பச் சொன்னார். மேல் ஹோஸ் வழியாகக் காற்றை வெளியேற்றித் தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டர் மூடியின் ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்து, அதையும் மாற்றச் சொன்னார். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் மெட்டில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். முள் சரியாகத்தான் சொல்லியிருக்கும், பழி முள்ளின் மேல் விழும்.

"மெட்டுல எத்தனையில கொதிக்கும்ணே?" என்று கேட்டேன். சுவரில் அந்த இடம் காலியாக இருந்தது. "கணக்குப்படி தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு வரணும். போய் வச்சுப் பாத்ததில்ல. அந்த எஞ்சின் நின்னதுக்கப்புறம் நான் மெட்டு ஏறல" என்றார். சொல்லிவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தெர்மாமீட்டரை எடுத்துப் பனியன் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

சாயங்காலம் நண்பரோடு மெட்டு ஏறினேன். பத்தாவது வளைவில் லைட் போட்டோம். முள் புள்ளிக்குக் கீழேயே நின்றது. டீசல் முள்ளும் ஏறவில்லை. நண்பர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வளைவிலும் மூக்கை உறிஞ்சி வாசம் பிடித்துக்கொண்டே வந்தார். போடிமெட்டு டீக்கடையில் விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஒரு சட்டியை ஒதுக்கிக் கொடுத்தார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கொதி வந்ததும் தெர்மாமீட்டரை இறக்கி, நண்பர் செல்போன் வெளிச்சம் காட்ட, நான் மீட்டர்க்காரருக்குப் போன் போட்டேன்.

"தொண்ணூத்தஞ்சரைண்ணே."

"சட்டி அடியில முட்டலையே?"

"இல்லண்ணே, நடுவுல பிடிச்சிருக்கேன்."

"வெறுந்தண்ணிதானே? டீத்தூள், சீனி ஒண்ணும் போட்டுறலையே?"

"வெறுந்தண்ணிதான்."

"இருங்க, பென்சில எடுத்துக்கிறேன்" என்றார்.