அப்பா தூங்குகிறார்

மணி சொல்வது என் பிழைப்பு. "நேரம் சரியாகக் காலை ஏழு" என்று பதினோரு ஆண்டுகளாக வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நியூயார்க் எவ்வளவு தூரம் என்பது சென்ற ஆண்டு ஜூன் மாதம்தான் எனக்குப் புரிந்தது.

கணக்கில் அது ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். சென்னைக்குப் பறக்கும் தூரத்தைப்போல ஐந்து மடங்கு. உருண்டையான இந்தப் பூமியில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே அதிகம் போனால் 20,000 கிலோமீட்டர்தான் இருக்க முடியும். அக்கா வாழ்க்கைப்பட்டது கிட்டத்தட்ட பூமியின் மறுபக்கத்தில்.

2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கென்னடி விமான நிலையத்துக்கு நேரடிச் சேவை தொடங்கியபோது அப்பாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. "ஒரே தூக்கத்துல வந்துடுவா" என்றார். ஒரே தூக்கமா? பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல். சாதாரண எகானமி இருக்கையே அந்த விமானத்தில் கிடையாது. டிக்கெட் விலையைக் கேட்டாலே தூக்கம் போய்விடும்.

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது அக்காவுக்கு ஞாயிறு இரவு பத்தரைக்கு இடம் கிடைத்தது. கோடைக்காலத்தில் நியூயார்க் நமக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால். அவள் ஏறும்போது இங்கே திங்கள் காலை பத்தரை. இறங்குவது செவ்வாய் விடியற்காலை. திங்கட்கிழமை முழுவதும் அவளுக்கு வானத்தில்தான்.

அன்று மாலை நாலேகாலுக்கு அப்பா போய்விட்டார்.

அக்கா தரையிறங்க இன்னும் பதிமூன்று மணி நேரம் இருந்தது. விமானத்தில் வைஃபை உண்டு. "அப்பா எப்படிடா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே வந்தாள். "சொல்லாதடா, கட்டிப்பிடிச்சு அழக்கூட அவளுக்குப் பக்கத்துல ஆள் இல்ல" என்றார் அம்மா. "சொல்லிடு. மறைச்சா மன்னிக்கமாட்டா" என்றார் மாமா. இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. நான் தட்டியது: "அப்பா தூங்குறார்."

இரவு முழுவதும், ஒருபுறம் புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருக்க, நான் கைப்பேசியில் அந்தக் குட்டி விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நீண்ட பயணங்களுக்கு ஒரே பாதை என்பது கிடையாதாம். காற்றைப் பார்த்துப் பாதையை மாற்றிக்கொள்வார்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று முதுகில் பட்டால் எரிபொருளும் மிச்சம், நேரமும் மிச்சம். அன்று அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா பக்கமாக வந்தது. இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு விமானம் தாமதமாக வரக்கூடாதா என்று நான் நினைத்தது அந்த ஒரு முறைதான்.

சாங்கியில் என் முகத்தைப் பார்த்ததும் தள்ளுவண்டியை விட்டுவிட்டாள்.

"எத்தன மணிக்கு?"

"நேத்து சாயங்காலம். நாலேகால்."

விரல்விட்டு எண்ணினாள். எந்த ஊர் மணியில் எண்ணினாளோ தெரியவில்லை. "அப்பா தூங்குறார்னு நீ அனுப்பினதப் பார்த்துட்டுத்தான்டா நானும் தூங்கினேன்" என்றாள்.

அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அம்மாவைப் பார்க்க இந்த ஆண்டு இரண்டு முறை வந்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் கதவு மூடுவதற்கு முன் ஒரு செய்தி வரும்.

"ஏறிட்டேன். எதுவா இருந்தாலும் உடனே சொல்லு."