"சுராங்கனி" பாடிய மனிதரை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

நெல்லியடி, கரவெட்டி, வதிரி உறவுகளுக்கு ஒரு கேள்வி. "சுராங்கனி" பாட்டால் புகழ்பெற்ற பாடகர் யார்?

நான் படிப்பிப்பது இரண்டாம் மொழிச் சிங்களம். தரம் 8 பிள்ளைகளுக்கு "மாளு" என்றால் மீன் என்று சொன்னவுடன், "சுராங்கனிப் பாட்டில வருமே ரீச்சர்!" என்றார்கள். பாடியவர் யாரென்று கேட்டேன். "இந்தியாக்காரர்" என்றார்கள். அவர்களில் பிழையில்லை, ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் ஏ. ஈ. மனோகரன். எங்கள் நாட்டுத் தமிழர். இங்கே "பொப் இசைச் சக்கரவர்த்தி", தமிழ்நாட்டில் "சிலோன் மனோகர்". அவர் எடுத்தது பைலா மெட்டு. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களோடும் இந்தத் தீவுக்கு வந்த தாளம் அது. பறங்கியர் வீடுகளில் தங்கி, பிறகு சிங்களக் கலியாண வீடுகளுக்குப் போய், கடைசியில் தமிழிலும் ஏறியது. கடலுக்குப் போனவன் மீன் கொண்டுவந்த கதையைச் சிங்களமும் தமிழும் கலந்து மனோகரன் பாடியபோது, இரண்டு மொழிச் சனமும் எழும்பி ஆடியது.

1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த நாடு இது. மொழியின் பேரால் சனம் பிரிந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு தமிழர் இரண்டு மொழியையும் ஒரே பாட்டில் வைத்துப் பாடினார். அது சின்ன விசயமில்லை.

1977 இல் "அவர் எனக்கே சொந்தம்" படத்துக்காக இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் சுராங்கனியைப் பாடினார். பிள்ளைகள் இந்தியப் பாட்டென்று நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1978 இல் செங்கை ஆழியானின் நாவலை வைத்து இங்கே எடுத்த "வாடைக்காற்று" படத்தில் மனோகரனும் நடித்தார். பிறகு இந்தியா போய், தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாக நடித்தார். 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். வயது 73.

அவர் தனி ஆளில்லை. உரும்பிராய் நித்தி கனகரத்தினம் பாடிய "சின்ன மாமியே" எல்லாருக்கும் தெரியும். அதை எழுதியவர் எங்கள் பக்கத்து வதிரி எம். எஸ். கமலநாதன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்கள் நாளாந்தம் கடந்து போகும் ஊர் அது.

என் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வாப்பா றேடியோவையும் கசெட்டுகளையும் விட்டுவிட்டுத்தான் புத்தளம் போனவர். நான் பிறந்தது அங்கே. இலங்கையைத் தாய்நாடென்று மனோகரன் பாடிய பாட்டை வாப்பா வேலை செய்துகொண்டே முணுமுணுப்பார். கொஞ்சம் வளர்ந்த பிறகு எனக்கு அது கோபமாக இருந்தது. "எங்களுக்கு ஊரே இல்லை, இந்தப் பாட்டு எதுக்கு வாப்பா?" என்று கேட்டேன். "பாட்டு என்ன மகள் பிழை செய்தது?" என்றார்.

பாட்டுக் கேட்பது பற்றி எங்கள் சமூகத்தில் வேறு வேறு கருத்துகள் உண்டு. அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை. நான் கேட்பது ஞாபகத்தைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் என்றால் கர்நாடக சங்கீதம். அது வேண்டும்தான். ஆனால் பொப் பாட்டைக் கலியாண வீட்டுக் கூத்தென்று ஒதுக்கிவிட்டோம். அதோடு, அடுத்தவனின் மொழியைப் பயமில்லாமல் வாயில் எடுத்த ஒரு தலைமுறையையும் மறந்துவிட்டோம். இன்று என் வகுப்பில் ஒரு சிங்களச் சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். சுராங்கனி என்றால் மட்டும் கூச்சம் இல்லை.

ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய இசைத்தட்டு, கசெட், இசைநிகழ்ச்சி நோட்டீஸ் ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள், படம் எடுத்துக் கீழே போடுங்கள். அந்தக் கச்சேரிகளை நேரில் பார்த்த ஐயாமார், அம்மாமார் இருந்தால் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். அடுத்த தவணையில் அவற்றை என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.